குளிர் தந்த விதை

தில்லி, லக்னோ, பாட்னா முதலிய வடநாட்டு நகரங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்கள், பனிக்காலத்தின் வருகையைச் சந்தையிலேதான் முதலில் அறிந்துகொள்கின்றனர். கம்பளி உடைகள் பெட்டியிலிருந்து வெளிவருமுன்பே பூக்கோசு குவியல் குவியலாக வந்து இறங்கிவிடுகிறது. அதனைத் தொடர்ந்து முள்ளங்கியும் நூல்கோலும் பட்டாணியும், பின்னர்ச் செக்கச் சிவந்த காஜரும் வருகின்றன. நம்மூரில் 'இங்கிலீஷ் காய்கறி' என்று பெயர் பெற்று, நீலகிரியிலிருந்து இறங்கி வந்து, சற்றே உயர்ந்த விலையில் விற்கப்பட்ட பண்டங்கள் இங்கே தெருவண்டியில் மலிவாகக் கிடைப்பது, புதிதாக வந்த குடும்பங்களுக்கு வியப்பாகவே இருக்கும்.

இக்காய்களை உண்கிறவர்கள் நாம் அனைவருமே. ஆயினும் இவற்றின் விதை எங்கே விளைகிறது என்று கேட்பவர் மிகச் சிலர். வெண்டை, கத்தரி போன்றவற்றில் இக்கேள்விக்கே இடமில்லை. ஒரு காயைச் செடியிலேயே முற்றவிட்டால் விதை கிடைத்துவிடும். முட்டைக்கோசின் விதையை வயலில் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? ஆரஞ்சு நிறமுள்ள காரட்டைச் சமவெளித் தோட்டத்தில் எத்தனை மாதம் விட்டுவைத்தாலும் அது பெரும்பாலும் பூப்பதில்லை. பக்கத்துப் பாத்தியில் உள்ள சிவப்புக் காஜரோ, மாசி பங்குனியில் குடை விரித்தாற்போல வெள்ளைப் பூக்களைப் பூத்து விதையும் தந்துவிடுகிறது. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு பயிர்களுக்குள் இவ்வேற்றுமை எங்ஙனம் வந்தது? விடை தேடிப் புறப்பட்டால் ஜெர்மனி, அமெரிக்கா, ரஷ்யா, அல்மோரா, குவெட்டா, குலு என்று நெடுந்தூரம் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

முட்டைக்கோசு, ஆரஞ்சுக் காரட், பீட்ரூட், வெங்காயம் முதலியன இயல்பில் ஈராண்டுப் பயிர்கள். முதலாண்டில் இலையையும் கிழங்கையும் வளர்த்து உணவைச் சேமித்து வைக்கின்றன. குளிர்காலம் முழுவதும் உறங்கினாற்போலக் கிடக்கின்றன. மறு ஆண்டு வசந்தத்தில், சேமித்ததைச் செலவழித்து நெடிய பூத்தண்டு விட்டு, விதை தந்து மடிகின்றன. இவை பிறந்த நாடுகளில் இவ்வொழுங்கு உயிர் காக்கும் உபாயமாகும். இலையுதிர் காலத்தில் அவசரப்பட்டுப் பூத்த செடியின் பூ உறைபனியில் கருகிவிடும். ஆகவே, குளிர்காலம் வந்து போய்விட்டது என்பதற்குச் சான்று கிடைத்தாலன்றி இச்செடிகள் பூப்பதில்லை. ஓரிரவுக் குளிரைக் கண்டு அவை ஏமாறுவதுமில்லை. முட்டைக்கோசுக்கு ஏறக்குறைய 6 முதல் 8 வாரம், 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்த குளிர் தேவைப்படுகிறது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. விதையையோ இளநாற்றையோ எவ்வளவு குளிரில் வைத்தாலும் பயனில்லை. தண்டு கிட்டத்தட்ட எழுதுகோலின் பருமனை அடைந்த பிறகே முட்டைக்கோசு குளிரைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. முள்ளங்கி அப்படியன்று, நீரில் ஊறி முளைகட்டிய விதைப் பருவத்திலேயே அது குளிரை உணர்ந்துவிடும்.

இந்தக் குளிர் ஒருவருக்கு நட்டமாகவும் மற்றொருவருக்கு வருவாயாகவும் அமைவதைக் காண்கிறோம். வெங்காய நாற்றைப் பருவத்துக்கு முன்பே விட்டுவிட்டால், குளிர் வரும்போது செடி பருத்து நிற்கும். குளிரை வாங்கிக்கொண்டு பூத்தண்டு கிளப்பிவிடும். அத்தகைய வெங்காயத்தின் நடுவே கெட்டியான தண்டு ஊடுருவி நிற்பதால் அது சேமிப்புக்கு ஆகாது. சந்தையிலும் விலை போகாது. உழவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறார். அதே பூத்தண்டுக்காக விதை வியாபாரி ஓராண்டு முழுதும் காத்திருக்கிறார்.

குளிருக்கும் பூப்புக்கும் உள்ள தொடர்பை உழவர்கள் நெடுங்காலமாகவே ஓரளவு அறிந்திருந்தனர். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து வேளாண்மை வாரியத்தின் செயலாளராக இருந்த ஜான் கிளிப்பார்ட் என்பவர், இலையுதிர் காலத்தில் விதைக்க வேண்டிய கோதுமையை நனைத்து முளைகட்டிக் குளிரில் வைத்திருந்து வசந்தத்தில் விதைத்தாலும் கதிர் வரும் என்று 1857-இல் எழுதினார். அதனை அக்காலத்தில் எவரும் பெரிதாகக் கருதவில்லை. 1918-இல் ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் காஸ்னர், ரை என்னும் தானியத்தின் முளைகளை 1 அல்லது 2 டிகிரிக் குளிரில் வைத்து ஒழுங்காகப் பரிசோதித்த பின்னரே இது விஞ்ஞானப் பொருளாயிற்று.

காய்கறிகளைப் பொறுத்த மட்டில் முதற்பெருமை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சாரும். அந்நாட்டில் செலரி என்னும் தண்டுக்கீரையைப் பெருவாரியாகப் பயிரிடுவர். சில ஆண்டுகளில் வயல் முழுவதும் காலத்துக்கு முன்பே பூத்து வீணாகிவிடும். விதை மோசம் என்று உழவர் வியாபாரியைப் பழிப்பதும், சாகுபடி மோசம் என்று வியாபாரி உழவரைப் பழிப்பதும் வழக்கமாயிருந்தன. நாற்றுப் பருவத்துக் குளிரே முதன்மையான காரணம் என்று தாம்சன் என்ற பேராசிரியர் 1920-களில் எடுத்துக்காட்டினார். முட்டைக்கோசைப் பற்றி மில்லர் என்பவர் 1929-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் அதே முடிவைத் தந்தது. வெதுவெதுப்பான கண்ணாடி வீட்டிலேயே வைத்திருந்த செடி பூக்காமல் வளர்ந்துகொண்டேயிருந்தது. 1930-இல் கர்ட்டிஸ், சாங் என்னும் இருவர் செய்த பரிசோதனை எளிமையாலேயே நம்மைக் கவர்கிறது. செலரிச் செடியின் குருத்துப் பகுதியைச் சுற்றி ரப்பர்க் குழாயைச் சுருட்டி, அதனுள் குளிர்நீரை ஓடவிட்டனர். செடியின் ஏனைய பகுதிகள் வெப்பமான அறையில் இருந்தன. குருத்து மட்டும் குளிர்ந்ததே போதுமானதாயிற்று; செடி பூத்தது. குளிரை உணரும் இடம் குருத்தின் நுனி என்பது இதனால் தெளிவாயிற்று.

இனி ரஷ்ய நாட்டுக் கதைக்கு வருவோம். அங்கே 1929-இல் திரோஃபிம் லைசென்கோ என்ற இளைஞரின் பெயர் திடீரெனப் பத்திரிகைகளில் அடிபடலாயிற்று. நனைத்த குளிர்காலக் கோதுமை விதையைப் பனியில் புதைத்து வைத்திருந்து, வசந்தத்தில் விதைத்து, அவருடைய தந்தையார் கதிர் கண்டதாகச் செய்தி பரவியது. செயல்முறை முற்றிலும் புதியதன்று. அதற்கு அவர் வைத்த பெயரே புதிது. 'யாரோவிசாட்சியா' என்னும் அச்சொல், வசந்தப் பயிரைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லிலிருந்து பிறந்தது. மேல்நாட்டார் அதனை இலத்தீனில் பெயர்த்து 'வெர்னலைசேஷன்' என்றனர். இரண்டிலும் வசந்தம் இருக்கிறது. காரணமாகிய குளிர் இல்லை. தமிழ்ப் பாட நூல்களோ 'தட்பப்பதனம்' என்று வழங்குகின்றன. தட்பம் என்றால் குளிர். மூலச்சொல்லைக் காட்டிலும் பெயர்ப்பு பொருத்தமாக அமைவது அரிது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களாகிய நாம் இதனைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

லைசென்கோ பெயரிட்டதோடு நிற்கவில்லை. குளிரால் பயிர் பெற்ற மாறுதல் அதன் சந்ததிக்கும் சென்று சேரும் என்றும், குளிர்காலக் கோதுமையைப் பழக்கி வசந்தக் கோதுமையாகவே மாற்றிவிடலாம் என்றும் வாதித்தார். அரசாங்கத்தின் ஆதரவும் அவருக்குக் கிட்டியது. உலகெங்கும் அலைந்து பயிர் விதைகளைத் திரட்டி, லெனின்கிராடில் மாபெரும் விதைக் களஞ்சியத்தை உருவாக்கிய நிக்கொலாய் வாவிலோவ் தொடக்கத்தில் லைசென்கோவின் முறையை ஊக்குவித்தவரே. ஆயினும் பாரம்பரிய விதிகளை மறுக்கும் கொள்கையை அவர் ஏற்கவில்லை. 1940 ஆகஸ்டில் வாவிலோவ் கைது செய்யப்பட்டார். 1943 ஜனவரியில் சாராத்தவ் சிறையில் உயிர் துறந்தார். உலகத்தின் பசியைப் போக்க விதை சேர்த்தவர் சிறையில் உண்ண உணவின்றி நலிந்து மாண்டார் என்பதை எண்ணுகையில் நெஞ்சு கனக்கிறது. 1948-இல் லைசென்கோவின் கொள்கையே அந்நாட்டின் அதிகாரபூர்வமான கொள்கையாயிற்று. 1965-இல்தான் அவர் தமது பெரும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

இவ்வழக்கின் தீர்ப்பைப் பிற்காலத்து விஞ்ஞானம் வழங்கியது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், பூப்பைத் தடுத்து நிறுத்தும் ஒரு மரபணுவை 1999-இல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த இரு குழுவினர் கண்டறிந்தனர். முட்டைக்கோசும் பூக்கோசும் அதே குடும்பத்தின. அவற்றிலும் இத்தகைய மரபணுக்கள் உண்டு. இதனைப் பூட்டு என்று கொள்வோம். குளிர் நீடிக்க நீடிக்க இந்த மரபணு ஒவ்வோர் உயிரணுவாக ஓய்வு கொள்கிறது. வாரங்கள் செல்லச் செல்ல ஓய்வு கொண்ட உயிரணுக்களின் தொகை கூடுகிறது. இங்கிலாந்தில் காரோலைன் டீன் அம்மையாரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இம்முறையை விரிவாக விளக்கினர். குளிர் நீங்கி வெப்பம் வந்த பின்னும் செடி அக்குளிரை மறப்பதில்லை. ஆனால் அடுத்த தலைமுறையின் கரு உருவாகும்போது பூட்டு மீண்டும் பூட்டப்பட்டுவிடுகிறது. தாய் பட்ட குளிரைச் சேய் அறியாது. ஒவ்வொரு தலைமுறையும் தன் குளிர்காலத்தைத் தானே கழிக்கவேண்டும். கோதுமையில் இதற்குரிய மரபணுக்கள் வேறானவை. ஆயினும் அங்கும் நினைவு வித்தினுள் அழிந்துவிடுகிறது. லைசென்கோவின் வாதம் இவ்விடத்தில் முறிந்துபோகிறது.

நம் நாட்டில் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டவர்களுள் போஷி சென் குறிப்பிடத்தக்கவர். ஜகதீச சந்திர போஸிடம் பயின்ற இவர், 1924-இல் கல்கத்தாவில் விவேகானந்தர் பெயரால் ஒரு பரிசோதனைச் சாலையை நிறுவினார். 1936-இல் அது இமயச் சாரலிலுள்ள அல்மோராவுக்கு மாறியது. 1930-களின் இறுதியில் இவரும் சக்கரவர்த்தி என்பவரும் முளைகட்டிய கடுகு விதையைக் குளிரூட்டி, விரைவாகப் பூக்கச் செய்து, அதன் விவரங்களை வெளியிட்டனர். அச்சாலை 1974-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சி மன்றத்தின் நிர்வாகத்துக்கு வந்து, இன்றும் மலைநாட்டு வேளாண்மைக்குப் பணிபுரிந்து வருகிறது.

இங்ஙனம் விஞ்ஞானிகள் குளிரை ஆராய்ந்துகொண்டிருக்க, பெயர் அறியப்படாத இந்தியத் தோட்டக்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே ஓர் அரிய காரியத்தைத் தொடங்கியிருந்தனர். நம் கருத்தில் இவ்வரலாற்றின் சிறந்த பகுதி அதுவே.

பூக்கோசு இந்நாட்டுக்கு உரியதன்று. 1822-இல் இங்கிலாந்திலிருந்து விதை வந்து சகாரன்பூர்க் கம்பெனித் தோட்டத்தில் விதைக்கப்பட்டது என்று தோட்டக்கலை நூல்கள் குறிக்கின்றன. பின்னர் வடநாட்டில் பல இடங்களில் அதனைப் பயிரிட்டுப் பார்த்தனர். மேல்நாட்டுச் செடிக்கு நம் சமவெளியின் வெப்பம் ஒவ்வவில்லை. நாம் பூ என்று உண்கிற அந்த வெள்ளைக் கட்டி உண்மையில் பூவாக விரியுமுன் நின்றுவிட்ட எண்ணற்ற பூத்தண்டு நுனிகளின் திரள். அது திரளவும், திரண்டபின் நீண்டு பூத்து விதை தரவும் செடிக்குக் குளிர் வேண்டும். வெப்பத்தில் பல செடிகள் வெறும் இலையாகவே வளர்ந்து நின்றிருக்கும். எனினும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, குறைந்த குளிரிலேயே கட்டி திரண்டு விதையும் தந்திருக்கும். தோட்டக்காரர் அந்த விதையை எடுத்து வைத்தார். மறு ஆண்டு அதனை விதைத்தார். மீண்டும் முந்திப் பூத்ததிலிருந்தே விதை எடுத்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் நூறாண்டுக்கு மேலாக இதனையே செய்துவந்தனர். 1929-இல் சட்டன் விதை நிறுவனம் பாட்னா, பனாரஸ் ஆகிய ஊர்களின் பெயர் தாங்கிய பூக்கோசு வகைகளை விவரிக்கும் நிலை ஏற்பட்டது. சீமைச் சரக்கு சுதேசிச் சரக்காகிவிட்டது.

இவ்வாறு உருவான இந்தியப் பூக்கோசு, 20 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் கட்டி திரளும். சமவெளியிலேயே விதையும் தரும். நிறம் சற்று மஞ்சள், மணம் அதிகம், தண்டு நீளம். நாற்று விடும் காலத்தையும் அறுவடைக் காலத்தையும் பிழையின்றிக் கைக்கொள்ளவேண்டியிருந்ததால், வடநாட்டு உழவர்கள் வகைகளை மாதங்களின் பெயராலேயே வழங்கினர். குவாரி, கட்கி, அகனி, பூசி, மாகி என்பன அவை. கட்கி என்பது கார்த்திக மாதத்துக்கு உரியது. நம் கார்த்திகை என்று எண்ணிவிடலாகாது. இவர்களுடைய கார்த்திகம் ஏறத்தாழ நம் ஐப்பசியோடு ஒத்துவரும். இந்த மாதக் கணக்கு வெறும் பெயர் விளையாட்டன்று. முந்தும் வகையைப் பிந்தி நட்டால், செடி சிறிதாயிருக்கும்போதே குளிர் தாக்கி, பொத்தான் அளவு கட்டியோடு நின்றுவிடும். பிந்தும் வகையை முந்தி நட்டால் இலை மட்டுமே மிஞ்சும். எவ்வகையிலும் உழவருக்கு ஒரு பருவத்து உழைப்பு வீண்.

லைசென்கோ அரசாங்க பலத்தோடு செய்துவிட்டதாகச் சொன்னதை இத்தோட்டக்காரர்கள் வேறு வழியில் செய்துகாட்டினார்கள். அவர்கள் செடியைப் பழக்கவில்லை. இருந்த வேறுபாடுகளுக்குள் வேண்டியதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வகைகளைக் கொண்டே பிற்காலத்தில் தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தார் 'பூசா கட்கி', 'பூசா தீபாளி' முதலிய தேர்ந்த வகைகளை வெளியிட்டனர். பீகாரில் பூசா என்னும் சிற்றூரில் இருந்த இக்கழகம், 1934-இன் பூகம்பத்தில் கட்டடம் சிதைந்ததால் தில்லிக்கு மாறியது. பழைய ஊரின் பெயர் அதனோடு கூடவே வந்துவிட்டது. கரோல் பாகில் வசிக்கும் தமிழர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் பூசா சாலை அப்பெயரைத் தாங்கியதே. நாட்டுச் சிவப்புக் காஜரையும் மேல்நாட்டு ஆரஞ்சுக் காரட்டையும் கலந்து 'பூசா கேசர்' என்ற வகையை உண்டாக்கியவர்களும் இக்கழகத்தாரே. அது சமவெளியிலேயே விதை தருவது.

ஆயினும் எல்லாப் பயிரும் பூக்கோசைப்போல இணங்கிவிடவில்லை. தூய வெண்மையான பனிப்பந்து வகைப் பூக்கோசு, பொதுவான முட்டைக்கோசு வகைகள், ஆரஞ்சுக் காரட் ஆகியவற்றின் விதைக்கு மலைக்குளிர் இன்றியமையாததாகவே இருந்தது. பல்லாண்டுக் காலம் இவ்விதைகள் கப்பலில் வந்தன. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் கப்பல் போக்குவரத்து தடைப்பட்டது. விதைப் பஞ்சம் தலைகாட்டியது. படைகளுக்கும் காய்கறி வேண்டியிருந்தது. அப்பொழுதுதான் இந்நாட்டு எல்லைக்குள் தக்க குளிர் எங்கே உள்ளது என்று அதிகாரிகள் தேடலாயினர். பலுசிஸ்தானத்தில், 5,500 அடி உயரத்தில், குளிர்ந்தும் வறண்டும் இருந்த குவெட்டா அதற்குப் பொருத்தமாக அமைந்தது. காஷ்மீரப் பள்ளத்தாக்கிலும் இவ்வேலை நடந்தது. விதைக்கு இரண்டு தேவைகள் உண்டு. பூப்பதற்குக் குளிர் வேண்டும். பூத்தபின் மழை பெய்து விதை அழுகாதிருக்க வறண்ட கோடையும் வேண்டும். குவெட்டாவில் இரண்டும் இருந்தன. விதை நிறுவனங்கள் அங்கே முனைந்து வேலை செய்தன.

1947-இல் நாடு பிரிந்தது. குவெட்டா பாகிஸ்தானின் பகுதியாயிற்று. பிரிவினையின் பெருந்துயரத்துக்கு முன்னால் முட்டைக்கோசு விதையைப் பற்றிப் பேசுவது அற்பமாகத் தோன்றலாம். எனினும் அகதிகள் பெருகிய தில்லி முதலிய நகரங்களுக்குக் காய்கறி தந்த தோட்டங்கள் அடுத்த பருவத்துக்கு எதை விதைப்பது என்பது அற்பமான கேள்வியன்று. காஷ்மீரத்திலோ போர் நடந்துகொண்டிருந்தது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு தன்னிடமிருந்த வேறொரு குளிரைக் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது.

பியாஸ் நதி பாயும் குலுப் பள்ளத்தாக்கில், கட்ராயின் என்ற சிற்றூரில், 1949-இல் மத்திய சர்க்கார் காய்கறி ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. 1955-இல் அது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோடு இணைந்தது. ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற அப்பள்ளத்தாக்கின் உழவர்கள் முட்டைக்கோசு விதையையும் பூக்கோசு விதையையும் விளைவிக்கக் கற்றனர். 'பூசா ஸ்னோபால்' என்ற பனிப்பந்து வகை இந்நிலையத்தின் படைப்பாகும். இமாசலத்தின் சோலன் வட்டாரத்திலும் இத்தொழில் பரவியது. இன்று கலப்பு விதைகள் மிகுதியாக வந்துவிட்டன. வெளிநாட்டு விதையும் திரும்ப வருகிறது. எனினும் குளிர் வேண்டும் பயிர்களின் உள்நாட்டு விதைக்கு இம்மலைகளே இன்றளவும் துணையாக நிற்கின்றன.

கட்ராயினில் ஒரு முட்டைக்கோசு விதை உருவாகும் விதத்தைக் கூறி முடிப்போம். கோடையில் நாற்று விடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் காய் முற்றி நிற்கும்போது வயலில் நடந்து, நன்கு திரண்டவற்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை அகற்றுகிறார்கள். எஞ்சியவை மார்கழியிலும் தையிலும் பனியில் நிற்கின்றன. வசந்தம் பிறக்கும்போது கெட்டியான இலைக்கட்டைப் பிளந்துகொண்டு பூத்தண்டு வெளிவரத் திணறும். ஆகவே ஓர் உழவர் கத்தியோடு வரிசை வரிசையாகச் சென்று, உள்ளிருக்கும் குருத்தில் படாதவாறு, ஒவ்வொன்றின் தலையிலும் கூட்டல் குறிபோல மேலாகக் கீறிவிடுகிறார். சில வாரங்களில் வயல் முழுவதும் மஞ்சள் பூவாகிறது, தேனீக்கள் வருகின்றன. ஆனி ஆடியில் காய்கள் பழுப்பேறியதும் அறுத்து, உலர்த்தி, அடித்து, கடுகைப்போன்ற அச்சிறு விதைகளைப் பைகளில் நிரப்பி, பெருமழை வலுக்குமுன் மலைப்பாதையில் சமவெளிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.